பீட்டில் வளரும் அலங்காரக் கன்றுகளுக்குப் பசளை: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அந்தூரியம், அக்லோனிமா, கலத்தியா, ட்ரசீனா, பிலோடென்ட்ரன் என்று கடையில் வாங்கும் கன்றுகளில் பல கரும்பழுப்புத் தூளில் நட்டுத்தான் வருகின்றன. அதுதான் பீட். முதல் மாதம் கன்று மினுங்கும். மூன்றாம் மாதமளவில் அடியிலை மஞ்சளாகும், மேலிலையின் நுனி கருகும். பசளை போதவில்லை என்று ஒருவர் சொல்வார், பசளை கூடிவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நைதரசன் இல்லாமல் வாடும் அதே சாடியில் கிணற்றுநீரின் உப்பு வேரைச் சுட்டுக்கொண்டிருக்கும். நம்மூரில் இது அடிக்கடி நடக்கிறது.

தோட்டத்து மண்ணில் பழகிய கை பீட்டில் தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கிச் சேர்ந்த பொருள். அதில் கன்றுக்கான உணவு ஏறக்குறைய இல்லை. இயல்பில் கடும் அமிலம், பீஎச் 3.5 முதல் 4.5 வரை (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). பொசுபரசைக் களிமண் பிடித்துவைக்கும். பீட் பிடிக்காது, ஊற்றும் நீரோடு அது வடிந்துவிடும். நைதரசனின் ஒரு வடிவமான நைத்திரேற்றும் அப்படியே. செம்பை மட்டும் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு கன்றுக்கு விடாது. ஆகவே நீங்கள் கரைத்து ஊற்றுவதும் உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதும்தான் கன்றுக்குக் கிடைப்பவை.

1. முதலில் பார்க்க வேண்டியது: பீட்டா, தும்புச்சோறா?

கடையில் “பீட்” என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது கொகோ பீட், அதாவது நம்முடைய தும்புச்சோறு. அது 650 கிராம் அல்லது 5 கிலோ கட்டியாக அழுத்தி விற்கப்படும், தண்ணீரில் போட்டால் பல மடங்கு பொங்கும். நிறம் செம்பழுப்பு, ஊடே தும்பு இழைகள் தெரியும். உண்மையான பீட் பெரிய பொலித்தீன் பையில் தளர்வாக வரும். நிறம் கறுப்பை ஒட்டிய பழுப்பு. விரலால் தேய்த்தால் மென்மையான பாசி நார் தெரியும்.

இந்த வேறுபாடு பசளைக் கணக்கையே மாற்றிவிடும். தும்புச்சோற்றின் பீஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கும், அதற்கு அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூளான டொலமைற்றை அள்ளிப் போடத் தேவையில்லை. ஆனால் அதில் பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் ஏற்கெனவே உண்டு. கழுவாத தும்புச்சோற்றை 10 லீற்றருக்கு 20 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஒரு இரவு ஊறவைத்து, நல்ல நீரால் கழுவி வடித்த பிறகே நட வேண்டும். பீட்டுக்கு இது தேவையில்லை. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் நடுவில் நிற்கும். வேலைக்குப் போய்வருபவர்களுக்கு அந்தக் கலவை நல்லது, காய்ந்தாலும் திரும்ப நனைவது சுலபம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பீட் பையோ சாடிக்கன்றோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாவரங்களும் அவை வளரும் ஊடகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன்கூட்டியே அனுமதிப்பத்திரமும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள்.

2. தண்ணீரை அளவுங்கள்

பசளை வாங்கும் முன் ஈ.சி. பேனா ஒன்று வாங்குங்கள். நீரில் கரைந்த உப்பின் அளவை அது சொல்லும். ரீ.டீ.எஸ். என்று எழுதிய பேனாவும் போதும். அது காட்டும் பி.பி.எம். எண்ணை 500ஆல் வகுத்தால் பெரும்பாலான பேனாக்களில் ஈ.சி. கிடைக்கும் (அலகு மில்லிசீமன்சு/செ.மீ., கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்). சில பேனாக்கள் 640 அல்லது 700ஆல் பெருக்கிக் காட்டும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீருக்கும் நிலாவெளி, சாம்பல்தீவு, சல்லிப் பக்கத்துக் கரையோரக் கிணற்றுநீருக்கும் நிறைய வேறுபாடு உண்டு. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. கோடையில் மோட்டரால் இழுக்க இழுக்க உவர் மேலே ஏறும். அதனால் தை மாதத்தில் எடுத்த அளவை வைத்து ஆவணியில் பசளை கரைக்க முடியாது. மாதம் ஒரு முறை அளந்து சுவரில் மாட்டிய கலண்டரிலேயே குறித்துவிடுங்கள்.

ஈ.சி. 0.5க்குக் கீழே என்றால் எந்தக் கன்றுக்கும் ஊற்றலாம். 0.5 முதல் 1.0 வரை என்றால் பசளையைக் குறைத்து, அடிக்கடி கழுவ வேண்டும். 1.0 முதல் 1.5 வரை என்றால் மழைநீரோ குழாய்நீரோ சரிபாதி கலவுங்கள். 1.5க்கு மேலே உள்ள நீர் அந்தூரியத்துக்கும் கலத்தியாவுக்கும் ஆகாது. வேறு வழியில்லையென்றால் பாம்புச்செடி போன்ற தாங்கும் கன்றுகளோடு நின்றுகொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை ஈ.சி. பேனாவில் முழுதாகத் தெரியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு சீக்கிரம் பிடிக்கிறதென்றால் உங்கள் நீரில் இருகாபனேற்று அதிகம். அது பீட்டின் அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தின்னும். ஆறேழு மாதத்தில் பீஎச் 7ஐத் தொடும், புதுத்தளிர் வெளிறும். உலர்வலயக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டும் அதிகம். ட்ரசீனா, கோடிலைன், கலத்தியா இலைநுனி கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழைநீர் சேர்ப்பது சுலபம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 10 சதுர மீற்றர் தகரத்தில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 200 லீற்றர் பரல் நிறைந்துவிடும். கூரையில் கடற்காற்று படியவிட்ட உப்பு இருக்கும், ஆகையால் பருவத்தின் முதல் மழையை ஓடவிடுங்கள். பரல் வாயை நுளம்பு புகாத வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் எட்டிப்பார்ப்பது அதற்குள்தான்.

3. பையின் விபரச்சீட்டும் டொலமைற்றும்

பீட் பை வாங்கினால் சீட்டைக் கிழித்து எறிய வேண்டாம். அதில் தேட வேண்டியவை பீஎச், ஈ.சி., சுண்ணாம்பு சேர்க்கப்பட்டதா, தொடக்கப் பசளை சேர்க்கப்பட்டதா என்பவை. பீஎச் 5.5 முதல் 6.0 என்று அச்சிட்டிருந்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதன் மேல் “பீட் என்றால் புளிப்பு” என்று நினைத்து டொலமைற் போடுவது மிகப் பொதுவான தவறு. பீஎச் ஏறி, இரும்பும் மங்கனீசும் பூட்டிக்கொள்ளும்.

பீஎச் 4 அளவில் உள்ள வெறும் பீட் என்றால் லீற்றருக்கு 3 முதல் 5 கிராம் டொலமைற் தூள். 10 லீற்றர் வாளிக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கலந்து, பிழிந்தால் ஓரிரு துளி வரும் ஈரத்தில் நனைத்து, மூடி இரண்டு வாரம் வையுங்கள். டொலமைற் உடனே வேலை செய்யாது, அன்றே நட்டால் வேர் அமிலத்தில்தான் இறங்கும். இதனால் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்து கிடைக்கும். ட்ரசீனாவுக்கும் கலத்தியாவுக்கும் பீஎச் 6 முதல் 6.5 வரை வைத்தால் புளோரைட்டின் தொல்லை குறையும், மற்றவற்றுக்கு 5.5 முதல் 6.2 போதும்.

சீட்டில் தொடக்கப் பசளை உண்டு என்று இருந்தால் நட்டபின் மூன்று நாலு வாரம் வேறெதுவும் போட வேண்டாம்.

4. எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது

பசளைக் கடையில் “பூக்கன்றுக்கு” என்று கேட்டாலும் பலர் எடுத்துத் தருவது நெல்லுக்குப் போடும் மூன்றையும்தான்: யூரியா (நைதரசன்), டீ.எஸ்.பி. (பொசுபரசு), எம்.ஓ.பி. (பொற்றாசியம்). வயலில் பிழையில்லை. பீட் சாடியில் மூன்றும் தொல்லை. யூரியா முதலில் அமோனியமாகும். அதை நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்கள் அமிலப் பீட்டில் மந்தமாகத்தான் இயங்கும், அமோனியம் தேங்கி வேர்நுனி கருகும். எம்.ஓ.பி.யில் ஏறத்தாழப் பாதி குளோரைட்டு. உவர்க் கிணற்றுநீரில் ஏற்கெனவே அதுதான் நிறைந்திருக்கிறது. டீ.எஸ்.பி.யில் புளோரைட்டு உண்டு. எப்பாவலயில் தோண்டியெடுக்கும் பொசுபேற்றுப் பாறைத் தூள் மரப்பயிர்களுக்கு ஏற்றது, சாடிக்குள் மிக மெதுவாகவே கரையும்.

வாங்க வேண்டியதற்கு மூன்று வழிகள் உண்டு, ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

முதல் வழி, நீர்வளர்ப்புக்கான தூள். நம் நாட்டில் அல்பேர்ட் கலவை என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது இந்த வகை. சீட்டில் உள்ள அளவு வேகமாக வளரும் மரக்கறிக்கு உரியது, இலை அழகுக் கன்றுகளுக்கு அதில் பாதி.

இரண்டாம் வழி, மெதுவாகக் கரையும் பூசப்பட்ட மணிகள். ஒஸ்மோகோட் இந்த வகை. லீற்றர் பீட்டுக்கு 2 முதல் 3 கிராம், அதாவது 15 சென்ரிமீற்றர் சாடிக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பையில் “3 முதல் 4 மாதம்” என்று இருப்பது ஏறத்தாழ 21 பாகை வெப்பத்தில் கணக்கிட்டது. நம் கோடையில் சாடி வெயிலில் சூடேறினால் ஏறத்தாழப் பாதிக் காலத்திலேயே தீர்ந்துவிடும், முதல் வாரங்களில் பசளை அளவுக்கு மிஞ்சியும் வெளிவரும். இதனால் அந்த அளவை இரண்டாகப் பிரித்து இரு தவணையாகப் போடுவதே நல்லது.

மூன்றாம் வழி, தனித்தனியாக வாங்கிக் கரைப்பது. சாடி எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் இதுதான் மலிவு. 10 லீற்றர் நல்ல நீருக்கு:

கல்சியம் நைத்திரேற்று 6 கிராம்
பொற்றாசியம் நைத்திரேற்று 2 கிராம்
மொனோ பொற்றாசியம் பொசுபேற்று 1 கிராம்
மகனீசியம் சல்பேற்று, அதாவது எப்சம் உப்பு, 3 கிராம்
நுண்மூலகக் கலவை (இரும்பு, மங்கனீசு, செம்பு போன்றவை) சீட்டில் சொன்ன அளவில் பாதி

இதில் லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் நைதரசனும் 23 மில்லிகிராம் பொசுபரசும் 105 மில்லிகிராம் பொற்றாசியமும் கிடைக்கும். ஈ.சி. 1.1 அளவில் நிற்கும். நுண்மூலகத்தை விட்டுவிடாதீர்கள், அதில் செம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பு இல்லாத பீட்டில் அக்லோனிமாவின் புதிய இலை சிறுத்து வெளிறி வரும். கரைக்கும்போது வாளியில் முக்கால்வாசி நீரை முதலில் நிரப்பி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். கல்சியம் நைத்திரேற்றையும் எப்சம் உப்பையும் ஒரே போத்தலில் கெட்டியாகக் கரைத்து வைத்தால் அடியில் சுண்ணாம்பு போலப் படியும். அந்தப் படிவு பிறகு கரையாது, பசளை வீண்.

செலவைக் கணக்கிட விலையைவிட அளவு முக்கியம். 15 சென்ரிமீற்றர் சாடி இருபது வைத்திருக்கிறீர்கள் என்றால், வாரம் ஒரு முறை சாடிக்கு 300 மில்லிலீற்றர் வீதம் 6 லீற்றர் கரைசல். லீற்றருக்கு 1 கிராம் என்றாலும் வாரம் 6 கிராம், ஆண்டுக்கு 300 கிராம்தான். ஒரு கிலோ தூள் மூன்று ஆண்டுக்குக் காணும். எனவே “மூடையாக எடுத்தால் மலிவு” என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். கல்சியம் நைத்திரேற்றைத் திறந்து வைத்தால் கடற்கரைக் காற்றில் சில நாளிலேயே கசிந்து கூழாகிவிடும். அரைக் கிலோ வாங்கி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, பெயரும் வாங்கிய திகதியும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சீட்டில்லாமல் சரையில் கட்டித் தருவதை வாங்காதீர்கள், பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். செலவில் கூடியது ஈ.சி. பேனாவும் 0.1 கிராம் காட்டும் சிறு தராசும்தான். தராசு இல்லாமல் மூன்றாம் வழியில் இறங்க வேண்டாம்.

மாட்டெரு, மீன் கழிவும் சர்க்கரையும் ஊறவைத்த நீர், சாம்பல், கரையொதுங்கிய கடற்பாசி ஆகியவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். தோட்டத்து மண்ணில் முதல் இரண்டும் நல்லவை. பீட் சாடியில் அவை அமோனியத்தையும் சின்ன ஈக்களையும் கொண்டுவரும், வீட்டுக்குள் என்றால் மணமும் சேரும். சாம்பல் பீஎச்சைத் திடீரென்று ஏற்றும். கடற்பாசியைக் கழுவாமல் போடுவது உப்பைக் கையால் தூவுவதுதான். வாழைப்பழத் தோலும் முட்டைக்கோதும் தீங்கில்லை, பயனும் பெரிதாக இல்லை.

5. ஊற்றும் முறை

காய்ந்த பீட்டில் பசளை நீர் ஊற்றக்கூடாது. பீட் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகும், பிறகு தண்ணீரை ஏற்காது. ஊற்றியது முழுவதும் இடைவெளி வழியே அடியால் ஓடும், மேற்பார்வைக்கு நன்றாக நனைந்தது போல இருக்கும். சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமில்லையென்றால் வாளி நீரில் விளிம்பு வரை அமிழ்த்தி அரை மணிநேரம் வையுங்கள். எடுத்து வடியவிட்டு அடுத்த நாள் பசளை கொடுங்கள்.

ஈரமான பீட்டில், காலை வெயில் ஏறுமுன், மேற்பரப்பு முழுவதும் நனையும்படி ஊற்றுங்கள். அடியால் ஊற்றியதில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை வடிய வேண்டும். வடியாமல் அளந்து ஊற்றினால் தண்ணீர் மிச்சம், ஆனால் உப்பு உள்ளேயே தங்கும். வடிந்த நீர் தட்டில் நிற்கவிடாதீர்கள்.

வாரம் ஒரு முறை பசளை, இடையில் வெறும் நீர். அந்தூரியத்துக்கும் கலத்தியாவுக்கும் மேலே சொன்ன கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்யுங்கள். இருண்ட மூலையில் நிற்கும் கன்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், வெளிச்சமில்லாத இடத்தில் பசளை கூட்டி வளர்ச்சி வராது. புதிதாக வாங்கிய கன்றைக் கடையில் ஏற்கெனவே ஊட்டித்தான் அனுப்பியிருப்பார்கள், முதல் மாதம் தண்ணீர் மட்டும்.

6. வடிநீர் என்ன சொல்கிறது

மாதம் ஒரு முறை இதைச் செய்தால் ஊகிக்க வேண்டிய வேலையில்லை. சாடியை நன்றாக நனைத்து ஒரு மணிநேரம் விடுங்கள். அடியில் சுத்தமான தட்டு வைத்து, மேலே 100 மில்லிலீற்றர் குழாய்நீரோ மழைநீரோ மெதுவாக ஊற்றுங்கள். தட்டில் வரும் முதல் 50 மில்லிலீற்றரில் ஈ.சி. பேனாவை வையுங்கள்.

1.0க்குக் கீழே என்றால் கன்று பசித்திருக்கிறது. 1.0 முதல் 2.0 வரை நல்லது. 2.5ஐத் தாண்டினால் பசளையை நிறுத்திக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் சாடிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீர். 2 லீற்றர் சாடிக்கு 4 லீற்றர், இரண்டாகப் பிரித்து அரை மணிநேர இடைவெளியில். உவர்க் கிணற்றுநீரால் கழுவுவதில் பயனில்லை, அந்த நீரின் ஈ.சி.க்குக் கீழே சாடி எப்போதும் இறங்காது.

வடிநீரிலேயே பீஎச் தாளையும் நனைத்துப் பாருங்கள். 6.8க்கு மேலே போய்விட்டதென்றால் மாதத்தில் ஒரு பசளைத் தவணைக்குப் பதிலாக லீற்றருக்கு அரைக் கிராம் அமோனியம் சல்பேற்று கொடுக்கலாம், அது மெல்ல அமிலமாக்கும். எலுமிச்சம் புளி, வினாகிரி ஊற்றுவது ஓரிரு நாளில் கரைந்து போகும் வைத்தியம்.

7. மாரியும் கச்சானும்

ஐப்பசி முதல் தை வரை மழை சாடியைத் தானே கழுவும், பசளையையும் சேர்த்தே கழுவும். முற்றத்தில் மழை படும் சாடிகளுக்கு மழை ஓய்ந்த இடைவெளியில் முழு அளவு கரைசல் கொடுங்கள். தொடர் மழையில் ஊறிக்கொண்டிருக்கும் பீட்டுக்குப் பசளை வேண்டாம், வேருக்குக் காற்றே இல்லாத நேரம் அது. முடிந்தால் சாடிகளை ஓட்டின் கீழ் நகர்த்துங்கள்.

மாசி முதல் சித்திரை வரை கன்று துளிர்க்கும் காலம். வாரத் தவணையைத் தவறவிடாதீர்கள். சாடி மாற்றுவதையும் இப்போதே முடியுங்கள்.

வைகாசி பிறந்தால் கச்சான் வீசும். பீட் காலையில் நனைத்தால் மாலையில் காயும், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும், கிணறும் உவர் ஏறும். மூன்றும் ஒரே நேரத்தில். புரட்டாதி வரை கரைசலைப் பாதியாக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேமித்த மழைநீரால் அல்லது குழாய்நீரால் கழுவுங்கள். மணிப்பசளையை இந்தக் காலத்தில் புதிதாகப் போட வேண்டாம். காற்றுக்கு மறைப்பாக நிழல்வலை கட்டுவது எந்தப் பசளையையும்விட அதிகம் உதவும்.

8. இலையில் தெரியும் குறிகள்

பழைய அடியிலை முழுதாக வெளிறினால் நைதரசன் குறைவு. பழைய இலையின் ஓரம் மஞ்சளாகி, காம்பையொட்டிப் பச்சை அம்புமுனை போல நின்றால் மகனீசியம். லீற்றருக்கு 1 கிராம் எப்சம் உப்பு, இரு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று தவணை. ஆனால் மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்த இலையைப் பாருங்கள். புதுத்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடை வெளிறியும் இருந்தால் இரும்பு. காரணம் பெரும்பாலும் பீஎச் ஏறியதுதான், இரும்பு போடுமுன் அதைச் சரிசெய்யுங்கள். புதிய இலை சுருங்கி ஓரம் கருகிப் பிறந்தால் கல்சியம். நுனி மட்டும் கருகினால் உப்பு, புளோரைட்டு, அல்லது பீட் இடையில் காய்ந்தது. சாடி விளிம்பில் வெள்ளைப் படிவும் இருந்தால் பெரும்பாலும் உப்புதான்.

நன்றாக நனைந்த சாடியில் கன்று நண்பகலில் வாடி நிற்பதைப் பார்த்துப் பசளை போடாதீர்கள். கன்றைச் சாடியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருந்தால் வெயில்தான் காரணம். பழுப்பாகக் குழைந்து தோல் கழன்றால் அழுகல், அப்போது எந்தப் பசளையும் உதவாது. கெட்ட வேரை வெட்டி, புதிய பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பேர்லைற்றோ (காற்றோட்டம் தரும் இலேசான வெள்ளை மணி) கழுவிய ஆற்றுமணலோ கலந்து நட்டு, புதிய வேர் வரும்வரை வெறும் நீர் மட்டும் ஊற்றுங்கள்.

9. பீட்டை மாற்றும் காலம்

நம் வெப்பத்தில் பீட் இரண்டு ஆண்டுக்குள் மட்கி இறுகும். சாடியில் அது இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது, ஊற்றிய நீர் மேலே தேங்கி மெல்ல இறங்குகிறது என்றால் காலம் வந்துவிட்டது. பழைய பீட்டின் மேலே புதியதை நிரப்பி ஒப்பேற்ற வேண்டாம், அடியில் காற்றில்லாத இறுகிய பகுதி அப்படியே இருக்கும். வேரைச் சுற்றியுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை உதிர்த்துவிட்டுப் புதியதில் நடுங்கள். பசளை மூன்று வாரம் கழித்து, பாதி அளவில். உதிர்த்த பீட்டை உப்புக் கழுவித் தோட்டத்து மணலில் கலக்கலாம், கத்தரி மிளகாய்ப் பாத்திக்கு ஈரம் பிடிக்கும்.

விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனைக்குப் போகிறீர்களென்றால் பிடுங்கிய இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பீட் பையின் சீட்டு, பசளைச் சீட்டு, கலண்டரில் குறித்த ஈ.சி. அளவுகள், ஒரு போத்தல் கிணற்றுநீர், முடிந்தால் கன்றைச் சாடியோடேயே எடுத்துச் செல்லுங்கள்.